ஒரு நாய்க்கா, பல நாய்களுக்கா: மின்னணுக் கழுத்துப்பட்டை வாங்குமுன் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய் வளர்ப்போர் இப்போதெல்லாம் கால்நடை மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இரண்டு நாய்க்கும் சேர்த்து ஒரே ரிமோட்டில் ஷாக் பெல்ட் வாங்கலாமா, டாக்டர்?" என்பதாகும். ரிமோட்டை அழுத்தினால் நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பயிற்சிப் பட்டைகள் இணைய விற்பனைத் தளங்களில் எளிதாகக் கிடைக்கின்றன. எத்தனை மீட்டர் தூரம் எட்டும், எத்தனை நாய்களைக் கட்டுப்படுத்தலாம், ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை நாள் தாங்கும் என்பவையே அவற்றின் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. வாங்குவோரும் இவற்றோடு விலையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில் கால்நடை மருத்துவம் பார்த்து வரும் நான், எந்த நாய், அதன் எந்தப் பழக்கம், அந்தப் பழக்கத்துக்கு என்ன காரணம் ஆகிய கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகுதான் பட்டையைப் பற்றிய பேச்சே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த விடைகளைத் தேடிப் பார்த்தால், மின்னதிர்ச்சிப் பட்டை பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைப்படாது என்பது புரியும். ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருக்கும் வீட்டில் அதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதற்கான காரணங்களைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

இந்தக் கருவியில் இரண்டு பகுதிகள் உண்டு: உரிமையாளர் கையில் இருக்கும் ரிமோட், நாயின் கழுத்தில் இருக்கும் ரிசீவர். ரிசீவரின் உட்புறத்தில் இரண்டு உலோக முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவை முடியை விலக்கித் தோலைத் தொட்டால்தான் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தோலின் வழியாக மின்சாரம் பாயும். பீப் ஒலி, அதிர்வு, மின்னதிர்ச்சி என்ற மூன்று வசதிகளும் பெரும்பாலான பட்டைகளில் சேர்ந்தே வருகின்றன. இவற்றில் அதிர்வு என்பது செல்போன் அதிர்வதைப் போன்ற அசைவு மட்டுமே. அதனால் தோலில் மின்சாரம் பாய்வதில்லை. இந்த வேறுபாட்டை வாங்குவோர் மனதில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் அதிர்வுக்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மின்னதிர்ச்சிப் பட்டை 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் வேட்டை நாய்களுக்காக உருவானது. அரிசோனா மாநிலத்தில் 1968-இல் தொடங்கப்பட்ட ட்ரை-ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் இதில் முன்னோடி. கூப்பிட்டால் காதில் விழாத தொலைவில், திறந்த வெளியில், தொழில்முறைப் பயிற்றுநர் ஒருவரின் கண்காணிப்பில் ஓடும் நாய்க்கென்று செய்யப்பட்ட கருவி அது. அதே கருவி இன்று இரண்டு சென்ட் இடத்தில் கட்டிய வீட்டின் வாசலில், பால்காரரைப் பார்த்துக் குரைக்கும் நாயின் கழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதிர்ச்சியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நிறுவனத்தின் பட்டையில் 100 படிகள் இருக்கும், மற்றொன்றில் 127 படிகள் இருக்கும். வாங்குவோர், படி கூடுதலாக இருந்தால் கருவி உயர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. பிரிட்டனில் பல நிறுவனங்களின் பட்டைகளை ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது, அவை வெளியிடும் மின்துடிப்பின் வலிமையும் நீளமும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. ஆகவே ஒரு பட்டையில் 20-ஆம் படியில் வைத்துப் பழகியவர், அது பழுதாகி வேறொரு பட்டை வாங்கி அதையும் 20-இல் வைத்தால், நாய்க்குக் கிடைப்பது முன்பைவிடப் பல மடங்கு வலுவானதாக இருக்கக்கூடும். நாயின் தோலும் ஒரே நிலையில் இருப்பதில்லை. காய்ந்த முடியுடன் இருக்கும் நாயைவிடக் குளித்துவிட்டு அல்லது மழையில் நனைந்துவிட்டு வந்த நாயின் கழுத்தில் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும். கிணற்று வாய்க்காலில் இறங்கி எழுந்த நாய்க்குக் காலையில் வைத்த அதே படி மாலையில் அதே படியாக இருக்காது. தூரக் கணக்கும் அப்படித்தான். பெட்டியில் எழுதியிருக்கும் 800 மீட்டர், ஒரு கிலோமீட்டர் என்பவை இடையில் மரமோ சுவரோ இல்லாத வெட்டவெளிக்கு உரியவை. தென்னந்தோப்பிலும் தெருவிலும் அதில் பாதிகூடத் தேறாமல் போகலாம்.

கழுத்தில் ஏற்படும் புண்ணைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மருத்துவமனைக்கு வருவது அதுதான். சிப்பிப்பாறை நாய் ஒன்றை, கழுத்தில் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். பட்டையைக் கழற்றியபோது, தொண்டையின் இடப்பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளியில் இரண்டு வட்டக் குழிகள், பென்சில் முனையை அழுத்தி எடுத்தது போல ஆழமாக இருந்தன. ஒரு குழியின் விளிம்பு கருத்துச் செத்திருந்தது. மற்றொன்றில் புழு வைத்திருந்தது. வீட்டாரோ பட்டையில் பேட்டரி தீர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது என்றும், கழுத்தில் இருந்தால் பயத்தில் அடங்கி இருக்கும் என்பதால் கழற்றவில்லை என்றும் சொன்னார்கள். இந்தப் புண் மின்சாரத்தால் சுட்டதன்று. உலோக முனைகள் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுத்தியதால் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் நின்று சதை அழுகியிருந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளுக்கு முதுகில் புண் வருவதும் இதே காரணத்தால்தான். பட்டைகளைத் தயாரிக்கும் நிறுவனங்களே, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரிசீவரை இடம் மாற்ற வேண்டும், ஒரு நாளில் 8 முதல் 12 மணி நேரத்துக்கு மேல் மாட்டி வைக்கக் கூடாது, முனைகளையும் கழுத்தையும் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதுகின்றன. அந்தக் கையேடு ஆங்கிலத்தில், கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில், பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது. நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும், பட்டைக்கு அடியில் உண்ணியும் பூஞ்சையும் சேரும் சூழலில், சிறு சிராய்ப்புகூட இரண்டு நாளில் புழுப்புண் ஆகிவிடும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்குத் தோல் மெல்லியது, முடி குட்டையானது, தலை குறுகலானது. பட்டை தலைவழியாக நழுவுகிறது என்று இறுக்கிக் கட்டுவார்கள். அடர்ந்த முடியுள்ள நாய்களுக்கென்று கொடுக்கப்பட்ட நீண்ட முனையையே மாட்டிவிடுவார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் புண் வராமல் இருந்தால்தான் வியப்பு.

இனி, பல நாய்கள் உள்ள வீடு. இரண்டு அல்லது மூன்று ரிசீவர்களுடன் ஒரே ரிமோட் என்பதைத்தான் விற்பவர்கள் பெரிய சலுகையாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதுவே மிகவும் ஆபத்தான ஏற்பாடாகத் தெரிகிறது. ரிமோட்டில் 1, 2, 3 என்று நாயைத் தேர்ந்தெடுக்க ஒரு விசை இருக்கும். நாய்கள் கேட்டை நோக்கிப் பாய்ந்து ஓடும் அந்த ஓரிரு நொடிகளில், எந்த நாய்க்கு எந்த எண், இப்போது விசை எதில் நிற்கிறது, அந்த நாய்க்கு எத்தனையாவது படி என்பதையெல்லாம் நினைத்துப் பார்த்துச் சரியான பொத்தானை அழுத்துவது பழகிய கைக்கும் எளிதன்று. பெரிய நாய்க்கென்று வைத்த அளவு சிறிய நாய்க்குப் போய்விடும். ஓடிய நாய் ஓடிக்கொண்டிருக்க, சும்மா படுத்திருந்த நாய் துள்ளி விழும். எந்தத் தவறும் செய்யாத நேரத்தில், எதிர்பாராத திசையிலிருந்து வந்த வலிக்கு அந்த நாய் என்ன பொருள் கொள்ளும்?

சரியான நாய்க்குச் சரியான நேரத்தில் அழுத்தினாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. வலி ரிமோட்டிலிருந்து வந்தது என்று நாய்க்குத் தெரியாது. அந்தக் கணத்தில் அது எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, எது பக்கத்தில் இருந்ததோ, அதனோடு வலியைச் சேர்த்துப் புரிந்துகொள்ளும். ஒற்றை நாய் ஆட்டைத் துரத்தும்போது பக்கத்தில் ஆடு மட்டுமே இருக்கும். இரண்டு நாய்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் வாசலில் பக்கத்தில் இருப்பது தன் கூட்டாளி. அடுத்த கணம் பல்லைக் காட்டுவது அந்தக் கூட்டாளியிடம்தான். அதுவரை ஒரே தட்டில் சாப்பிட்ட நாய்கள் சண்டை போடத் தொடங்கிவிட்டன என்று சொல்லி வருவோரிடம் நான் முதலில் கேட்பது, புதிதாகக் கழுத்தில் ஏதாவது மாட்டினீர்களா என்பதைத்தான்.

குரைத்தால் தானாகவே அதிர்ச்சி தரும் பட்டைகள் இதைவிட மோசமானவை. அவற்றில் ரிமோட் தேவையில்லை. ரிசீவருக்குள்ளேயே உணரி இருக்கும். சிலவற்றில் தொண்டை அதிர்வதை உணரும் உணரி உண்டு. மலிவானவை பலவற்றில் ஒலியைக் கேட்கும் சிறு மைக் மட்டுமே இருக்கும், அதற்கு எந்த நாய் குரைத்தது என்று பிரித்தறியத் தெரியாது. கொம்பை நாயும் லாப்ரடார் நாயும் உள்ள ஒரு வீட்டில், இரண்டுக்கும் இப்படிப்பட்ட பட்டையை மாட்டியிருந்தார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைப் பார்த்துக் கொம்பை குரைத்திருக்கிறது; பக்கத்தில் வாயே திறக்காமல் நின்ற லாப்ரடாருக்கும் அதிர்ச்சி அடித்திருக்கிறது. வலியில் அது கத்த, அந்தக் கத்தலைக் கேட்டு இரண்டு பட்டைகளும் மீண்டும் அடித்திருக்கின்றன. சில பட்டைகளில் அடுத்தடுத்த குரைப்புக்குப் படி தானாகவே உயரும் ஏற்பாடு வேறு உண்டு. கொம்பையின் காதைத் தைப்பதற்காக என்னிடம் கொண்டுவந்தபோது, கிழிந்த காதைவிட அந்த லாப்ரடாரின் நிலைதான் எனக்கு வருத்தமாக இருந்தது. மருத்துவமனை வராந்தாவில் தெருநாய் ஒன்று குரைத்ததும், கழுத்தில் பட்டை இல்லாதபோதும், அது சிறுநீர் கழித்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டது.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறேன் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். ஜெர்மனியின் ஹனோவர் நகர ஆய்வாளர்கள் 14 பீகிள் நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. போலி இரையைத் தொட்ட அதே கணத்தில் அதிர்ச்சி பெற்ற நாய்களிடம், மனஅழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் பெரிதாக உயரவில்லை. கூப்பிட்டு வராததற்காக அதிர்ச்சி பெற்றவற்றுக்கும், காரணமே இல்லாமல் அதிர்ச்சி பெற்றவற்றுக்கும் அது உயர்ந்தது. அதாவது, எதைச் செய்தால் வலி வரும், எதைச் செய்யாவிட்டால் வராது என்பது நாய்க்குத் துல்லியமாகப் புரிந்தால் ஒரு நிலை; புரியாவிட்டால் வேறு நிலை. அந்தத் துல்லியம் ஆய்வகத்தில் கிடைக்கலாம். இரண்டு நாய்களும் நான்கு மனிதர்களும் இருக்கும் வீட்டில், ஆளுக்கொரு நேரத்தில் ரிமோட்டை எடுத்து அழுத்தும்போது அது எப்படிக் கிடைக்கும்? 2004-இல் நெதர்லாந்தில், காவல் பணிக்கான பயிற்சி பெறும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைக் கவனித்தவர்கள், அதிர்ச்சிப் பட்டையால் பழக்கப்பட்டவை பயிற்சி இல்லாத நேரத்தில், பூங்காவில் உரிமையாளருடன் நடக்கும்போதுகூட, மற்ற நாய்களைவிடக் காதுகளைத் தாழ்த்தி அஞ்சிய நிலையில் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகம் 63 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்விலும், அதே தரவை மறுபடி ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட கட்டுரையிலும், பரிசு கொடுத்துப் பழக்கியவர்களைவிடப் பட்டை மூலம் பழக்கியவர்கள் கூடுதலாக எதையும் சாதித்துவிடவில்லை.

மறுபக்கச் சான்றையும் மறைக்காமல் சொல்வதே முறை. அமெரிக்காவில் 19 நாய்களை வைத்துச் செய்யப்பட்டு 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், வேகமாக ஓடும் போலி இரையைத் துரத்துவதைப் பட்டை அணிந்த நாய்கள் நிறுத்திவிட்டன. தின்பண்டம் மட்டும் கொடுத்துப் பழக்கிய நாய்கள் அந்தக் குறுகிய காலத்தில் நிறுத்தவில்லை. அதிர்ச்சியின்போது நாய்கள் வலியில் கத்தியதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. துரத்தும் வெறியை நிறுத்துவதில் இந்தக் கருவிக்கு வலிமையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் அங்கே பொத்தானை அழுத்தியவர் தொழில்முறைப் பயிற்றுநர். பக்கத்தில் வேறு நாய் இல்லை. துரத்திய பொருள் ஒன்றே ஒன்று. இந்த மூன்றும் நம் வீட்டில் சேர்ந்து அமைவது அரிது.

அதிர்வுப் பட்டையின் நல்ல பயன் என்று முன்னே சொன்னது, எங்கள் பகுதியின் பெருமையான ராஜபாளையம் நாயோடு தொடர்புடையது. பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள இந்த இனத்தில் பிறவிச் செவிடு காணப்படுவதை வளர்ப்போர் அறிவார்கள். உள்காதில் இருக்க வேண்டிய நிறமி உயிரணுக்கள் இல்லாமல் போவதால், ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. வெள்ளை நிறம் மிகுந்த டால்மேஷியன் உள்ளிட்ட பல இனங்களிலும் இதே காரணத்தால் செவிடு வருகிறது. கூப்பிட்டால் வருவதில்லை, திமிர் பிடித்த நாய், ஷாக் பெல்ட் போட்டால்தான் திருந்தும் என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்த வெள்ளைக் குட்டிக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தேன். அதன் காது மடல் அசையவே இல்லை. கேட்காத குட்டியை, கேட்டும் வராததாக எண்ணித் தண்டிக்க இருந்தார்கள்.

அப்படிப்பட்ட நாய்க்கு அதிர்வு மட்டும் தரும் பட்டை ஓர் அருமையான துணை. முதலில் ரிசீவரை உங்கள் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, அதன் அதிர்வு எவ்வளவு என்று நீங்களே உணர்ந்து பாருங்கள். பிறகு வீட்டுக்குள், நாய் அமைதியாக இருக்கும்போது, ஒரு நொடி மட்டும் அதிர வைத்து, உடனே வேகவைத்த முட்டைத் துண்டையோ ஈரலையோ அதன் வாயில் கொடுங்கள். நாய் எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. அதிர்ந்தால் தீனி வரும் என்பது மட்டும் பதிய வேண்டும். சில நாட்களில், அதிர்ந்ததும் அது திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அதன் பிறகே நீண்ட கயிற்றில் கட்டி முற்றத்திலும், பின்னர் தோட்டத்திலும் பழக்க வேண்டும். கையசைவுச் சைகைகளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதிர்வுக்கு "என்னைப் பார்" என்ற ஒரே பொருள்தான் இருக்க வேண்டுமே தவிர, அதையே தண்டனையாக ஒருமுறைகூடப் பயன்படுத்தக் கூடாது. அதிர்ந்ததும் வாலை இடுக்கி ஒதுங்கும் நாயாக இருந்தால், அதற்கு அந்தப் பட்டையும் வேண்டாம். மாலையில் விளக்கை அணைத்து ஏற்றிக் கூப்பிடவும் பழக்கலாம்.

இதற்கென்று பட்டை வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மின்னதிர்ச்சி வசதி இல்லாத, அதிர்வும் ஒலியும் மட்டும் உள்ள பட்டையே முதல் தேர்வு. அப்படிக் கிடைக்காவிட்டால், அதிர்ச்சியை நிரந்தரமாகப் பூட்டி வைக்கும் வசதி உள்ளதை வாங்கி, உலோக முனைகளைக் கழற்றிவிட வேண்டும். அதிர்வை உணர முனைகள் தேவையே இல்லை. அதிர்வுப் பொத்தானும் அதிர்ச்சிப் பொத்தானும் கண்ணால் பார்க்காமல் தொட்டாலே வேறுபடுத்த முடியாதபடி அருகருகே இருக்கும் ரிமோட்டுகளைத் தவிர்க்க வேண்டும். நீர்புகாத் தரம் ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வரை தாங்கும் என்று பொருள். மழைக்கும் குளியலுக்கும் அது போதும். குட்டிக்கும் சிறிய இன நாய்க்கும் ரிசீவரின் எடையே கழுத்துக்குப் பாரமாகும் என்பதால், எடையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். ரிசீவர் மூச்சுக்குழல் மேல் அல்லாமல் கழுத்தின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும். இரண்டு செவிட்டு நாய்கள் இருந்தால், ஒரே ரிமோட்டுக்கு ஆசைப்படாமல் வெவ்வேறு நிறத்தில் இரண்டு தனி ரிமோட்டுகள் வாங்குங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றதன் பட்டை அதிரவில்லை என்பதைக் கழுத்தில் மாட்டும் முன்பே சோதியுங்கள். தொடக்கத்தில் ஒன்றைப் பழக்கும்போது மற்றொன்று கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

மற்ற பழக்கங்களுக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. நாள் முழுவதும் மூன்றடிச் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாய் குரைக்காமல் என்ன செய்யும்? காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் நடக்க விட்டு, தெருவைப் பார்க்கும் கேட்டின் கீழ்ப்பகுதியைத் தகடு வைத்து மறைத்தாலே பாதிக் குரைப்பு அடங்கும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு அஞ்சிக் குரைக்கும் நாய்க்கு அதிர்ச்சியும் சேர்ந்தால், அச்சம் இரட்டிப்பாகும். வயதான நாய் இரவில் காரணமின்றிக் குரைத்தால் அதற்கு மூட்டுவலியோ, பார்வைக் குறைவோ, மூளைத் தளர்ச்சியோ இருக்கலாம். அதைப் பரிசோதித்துத்தான் பார்க்க வேண்டும். கடிக்கும் நாய்க்காகத்தான் பலரும் இந்தப் பட்டையைத் தேடி வருகிறார்கள். முரட்டுத்தனமான நாய்க்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அதன் கையேடுகளே எச்சரிப்பதை அவர்கள் படிப்பதில்லை. ஆட்டையும் மயிலையும் துரத்தும் சிப்பிப்பாறைக்கு, முப்பதடி நூல்கயிறும் பொறுமையும் வேண்டும். ஆடு சிறு புள்ளியாகத் தெரியும் தொலைவில் தொடங்கி, நாய் தானாகத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இறைச்சித் துண்டு கொடுத்து, மெல்ல மெல்ல நெருங்க வேண்டும். இதற்கு வாரங்கள் ஆகும். ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. முழுமையாக நம்பி அவிழ்த்துவிட முடியாத நாயும் இருக்கும். அதற்கு வேலி போட்ட தோட்டம்தான் வழி, வலி அன்று.

சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006-லேயே இத்தகைய பட்டைகளைப் பயன்படுத்துவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் வேல்ஸ் 2010-இல் தடை செய்தது. ஆஸ்திரியா, டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளிலும் தடை உண்டு. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் தடை செய்ய அரசு விதிகளை வகுத்தும், மக்களவையின் ஒப்புதல் கிடைக்காமல் அது நின்றுபோனது. அந்த வரைவு விதிகளும் ரிமோட்டால் இயக்கும் மின்னதிர்ச்சிப் பட்டைகளைத்தான் குறிவைத்தன, அதிர்வுப் பட்டைகளை விட்டுவிட்டன என்பது கவனிக்கத்தக்கது. இவை பிறந்த அமெரிக்காவிலேயே, பெட்கோ என்ற பெரிய வளர்ப்புப்பிராணிக் கடை நிறுவனம், ரிமோட்டால் இயங்கும் அதிர்ச்சிப் பட்டைகளையும் குரைத்தால் இயங்கும் அதிர்ச்சிப் பட்டைகளையும் விற்பதை 2020-இல் நிறுத்திவிட்டது.

நம் நாட்டில், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதா வித்திட்ட 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமே இன்றும் அடிப்படை. தேவையற்ற வலியை உண்டாக்குவது அதன் 11-ஆம் பிரிவின்படி குற்றம்; ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு பட்டைக்கான கூரியர் கட்டணம்கூட அதைவிட அதிகம். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், அச்சத்திலிருந்தும் துன்பத்திலிருந்தும் விடுபட்டிருப்பதை விலங்குகளுக்குரிய ஐந்து உரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. குரைத்தாலே அதிர்ச்சி தரும் ஒரு கருவியை, உரிமையாளர் வீட்டிலேயே இல்லாத நேரத்திலும் தானாக இயங்கும்படி கழுத்தில் பூட்டிவைப்பதை அந்தத் தீர்ப்போடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எனவே, தானாக இயங்கும் குரைப்புத் தடுப்பு அதிர்ச்சிப் பட்டைகளின் விற்பனையை மத்திய அரசு முதலில் நிறுத்த வேண்டும். ஒரே ரிமோட்டில் பல நாய்களுக்கு அதிர்ச்சி தரும் பட்டைகளை அடுத்து நிறுத்த வேண்டும். அதுவரையில், இவற்றை விற்கும் தளங்கள் அனைத்தும், எத்தனை மணி நேரத்துக்கு மேல் மாட்டக் கூடாது, எந்த நாய்க்கு மாட்டவே கூடாது என்ற எச்சரிக்கையைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில், விலையை அச்சிடும் அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி விதி செய்ய வேண்டும். ராஜபாளையம் குட்டிகளை விற்போர், காது கேட்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் பரிசோதித்துச் சான்று பெற்ற பிறகே விற்க வேண்டும் என்றும், இரண்டு காதும் கேட்கும் நாய்களை மட்டுமே இனப்பெருக்கத்துக்குச் சேர்க்க வேண்டும் என்றும் மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறை நிபந்தனை விதிக்கலாம். ஏற்கெனவே மின்னதிர்ச்சிப் பட்டையை வாங்கி வைத்திருக்கும் வாசகர்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அதைக் கழற்றி, முனைகள் பட்ட இடத்தில் முடியை விலக்கித் தோலைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சிவந்திருந்தால் உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் துடைத்துக் காயவிடுங்கள். குழியோ, நீர்க்கசிவோ, நாற்றமோ இருந்தால் அன்றே அருகில் உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.